தோணிக்குக் காவல் வைத்த கதை

கப்பல் கொள்ளை என்று யாராவது பேச்செடுத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். கேட்கிறவர்கள் மீசையும் பட்டாக்கத்தியுமாக ஒருத்தனை மனசுக்குள் நிறுத்திக்கொள்கிறார்கள். பழவேற்காட்டில் நாங்கள் பார்த்த கொள்ளைக்காரர்கள் காய் நறுக்கும் கத்தியோடு வருவார்கள். நங்கூரக் கயிற்றை அறுப்பார்கள், விளக்கைக் கழற்றுவார்கள், போகிற போக்கில் தோணி அடுப்பில் இருக்கிற மீன் குழம்பையும் சட்டியோடு தூக்கிக்கொண்டு போவார்கள். கயிறு போனதைவிடக் குழம்பு போனதற்குத்தான் தோணி ஆட்கள் அதிகமாகத் திட்டுவார்கள்.

ஐம்பதுகளில் என் வீட்டுக்காரர் ஒரு பாய்மரத் தோணிக்குத் தண்டல். தண்டல் சொன்னால்தான் நங்கூரம் ஏறும், தண்டல் சொன்னால்தான் பாய் விரியும். கரையோரமாகவே உப்பு ஏற்றிக்கொண்டு காக்கிநாடா வரை போவார், வரும்போது கூரை ஓடும் மரமும் ஏற்றி வருவார். தோணி எங்களுடையது இல்லை. அதன் முதலாளி எங்கள் ஊரின் பழைய வியாபாரக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த முஸ்லிம் பெரியவர். தங்கமான மனுஷர். ஆனால் கடைசியாக யார் வந்து பேசினார்களோ அவர்கள் பேச்சுத்தான் அவரிடம் எடுபடும். அதனால் அவரிடம் காரியம் ஆகவேண்டியவர்கள் எல்லாருக்கும் பின்னால் நிற்பார்கள்.

ஒரு வருஷம் திருட்டு அளவுக்கு மீறிப் போனது. கயிறு, கப்பி, தண்ணீர்ப் பீப்பாய் என்று ஒவ்வொன்றாகக் காணாமல் போக, முதலாளி பட்டணத்துக்குப் போய் ஒரு காவல்காரனைப் பிடித்துக்கொண்டு வந்தார். நெட்டையாக, நிமிர்ந்த நெஞ்சோடு வந்து இறங்கினான். முதலாளி அவனுக்குக் காக்கிச் சட்டையும் காக்கி அரைக்கால் சட்டையும் தைத்துக் கொடுத்தார். ஒரு பித்தளை விசில் வாங்கி, சிவப்பு நூல் கோத்து, தன் கையாலேயே அவன் கழுத்தில் மாட்டிவிட்டார். மாப்பிள்ளைக்கு மாலை போட்ட மாதிரி இருந்தது.

வந்த அன்றே அவன் எங்களை எல்லாம் கூட்டி வைத்துப் பாடம் எடுத்தான். "மெட்ராசுல எம்மாம் பெரிய பெரிய கப்பலு! என்னியத் தாண்டி ஒரு ஆணி போனதில்ல, தெரியுமா? இது இன்னா, சுண்டைக்கா தோணி!" என்றான். அவ்வளவு பெரிய கப்பல்களை விட்டுவிட்டு இந்தச் சுண்டைக்காய்க்கு ஏன் வந்தான் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. காக்கிச் சட்டைக்கு அப்படி ஒரு மகிமை.

அவன் யோசனைப்படிதான் முதலாளி திண்டுக்கல் பூட்டு வாங்கினார். தோணி சரக்குக்காகக் காத்துக் கிடக்கிற நாட்களில் பாயை இறக்கிச் சுருட்டிக் கரையிலிருக்கிற கொட்டகையில் வைப்பது வழக்கம். அந்தக் கொட்டகைக் கதவுக்குத் தேங்காய் பருமனில் ஒரு பூட்டு. அதைத் தொங்கவிட்ட அன்று ஊரே வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போனது. சாவி என் வீட்டுக்காரரின் அரைஞாண் கயிற்றில் ஏறியது. கொட்டகையின் சுவர் நாலு பக்கமும் வெறும் பனை ஓலை. பூட்டின் அழகில் ஓலை யார் கண்ணுக்கும் தெரியவில்லை. நானும் தட்டிப் பார்த்துவிட்டு வந்தவள்தான்.

காவல்காரன் ராத்திரி முழுக்க விசில் ஊதினான். கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் பாடு பெரும்பாடு. "இன்னாப்பா பேஜாரு, திருடனே வந்தாலும் சத்தம் போடாம வந்துட்டுப் போவான், நீ கொஞ்சம் நிறுத்தேன்" என்று டீக்கடைக்காரர் கும்பிட்டே கேட்டார். ஆனால் அவன் வந்த பிறகு ஒரு முழக் கயிறுகூடக் களவு போகவில்லை. முதலாளிக்குப் பெருமை பிடிபடவில்லை. போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி அவனைப் பற்றிப் பேசினார்.

இந்த இடத்தில் பாயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது அந்தச் சித்திரையில்தான் புதிதாகத் தைத்தது. முதல் தடவை ஏற்றும்போதே ஒரு இரும்புக் கொக்கியில் மாட்டிக் கிழிந்துவிட்டது. அவசரத்துக்கு வேறு துணி இல்லை. என் வீட்டுக்காரரின் பழைய கைலி ஒன்று, எங்கள் ஊர்க் கட்டம் போட்டது, பச்சையும் சிவப்புமாகக் கண்ணைப் பறிக்கும். அதை வெட்டி நான்தான் ஒட்டுப் போட்டேன். வெள்ளைப் பாயின் நடுவில் அது பளிச்சென்று தெரிந்தது. முதலாளி பார்த்துவிட்டு, "இன்னா தண்டலு, பாய்க்கும் கைலி கட்டி உட்டுட்டியே!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். பல நாள் அதே கேலிதான்.

ஆடி மாசம் பிறந்தது. உப்பு வரக் காத்திருந்தார்கள். பாயை ஏற்றலாம் என்று ஒரு காலையில் என் வீட்டுக்காரர் சாவியைப் போட்டுக் கொட்டகையைத் திறந்தார். உள்ளே ஓலை வாசனைதான் இருந்தது. பாய் இல்லை.

பூட்டு போட்டது போட்டபடி இருந்தது, சாவி இடுப்பில் இருந்தது. காவல்காரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முதலாளியிடம் போனான். "ராவெல்லாம் ஊதிக்கினுதான் இருந்தேன் மொதலாளி. ஒரு காக்கா உள்ள வரல. பூட்டு ஒடையல. சாவி யாருகிட்ட கீதோ அவுங்களத்தான் கேக்கணும்" என்றான். கடைசியாகப் பேசியவன் அவன். போதாதா?

முதலாளி நேராகத் துறையோர டீக்கடைக்கு வந்தார். காலை வேளை, நாஷ்டா சாப்பிடுகிற கூட்டம். என் வீட்டுக்காரர் கையில் டீ இருந்தது. அத்தனை பேர் முன்னாலும், "பாய வித்துத் தின்னுட்டியா? ஆடி முடியறதுக்குள்ள பாய் வந்து சேரல, தோணிய வேற தண்டல் கையில குடுத்துருவேன். போலீசுலயும் எழுதி வெச்சிருவேன்" என்று கத்தினார். புயலில் கடலையே அதட்டுகிற மனுஷர் என் வீட்டுக்காரர். அன்றைக்குக் குடிக்காத டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அதன் பிறகு அவர் டீக்கடைப் பக்கமே போகவில்லை. வீட்டில் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார், தட்டைப் பார்த்தே பேசினார். தோணி போனால் கூலி வேலை செய்து பிழைத்துக்கொள்ளலாம். திருட்டுத் தண்டல் என்ற பெயர் விழுந்துவிட்டால் இந்தக் கரையில் எந்தத் தோணியிலும் ஏற முடியாது. எனக்கு வயிறு எரிந்தது. முதலாளி வீட்டு வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றலாமா என்றுகூட நினைத்தேன். என் வீட்டுக்காரர், "அதெல்லாம் வோணாம்" என்று தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

மண்ணை வாரித் தூற்றுவதற்குப் பதிலாகப் பெரியபாளையத்து அம்மனிடம் முறையிடலாம் என்று கிளம்பினேன். பொன்னேரியில் என் அண்ணன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார், அவர் வண்டியில்தான் போனேன். இரட்டை மாட்டு வண்டி, அண்ணனுக்கு ஓயாத வாய். கிளம்புகிற அன்று காவல்காரனைப் பற்றியும் சேதி வந்தது. காப்பதற்குத்தான் பாய் இல்லையே, உடம்பு அசதியாக இருக்கிறது, நாலு நாள் ஊருக்குப் போய் வருகிறேன் என்று முதலாளியிடம் லீவு வாங்கிக்கொண்டு போனானாம். முதலாளி வண்டிச் சத்தத்துக்குக் காசும் கொடுத்தனுப்பினார் என்று கேட்டபோது எனக்கு இன்னும் கொஞ்சம் எரிந்தது.

ஆடி ஞாயிற்றுக்கிழமையில் பெரியபாளையத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பட்டணமே வண்டி கட்டிக்கொண்டு வந்து ஆற்றங்கரையில் இறங்கியிருக்கும். கோணி, சேலை, ஜமுக்காளம் என்று கிடைத்ததை மூங்கிலில் கட்டிக் கூடாரம் போட்டு, அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்பார்கள். வேண்டிக்கொண்டவர்கள் ஆற்றில் முழுகி, உடுத்தியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, வேப்பிலையை நாரில் கோத்துக் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றுவார்கள். வேப்பஞ்சேலை என்று பெயர். ஆம்பிளை பொம்பிளை எல்லாருக்கும் அதே உடைதான்.

நான் சன்னதியில் நின்று கறாராகவே பேசினேன். பாய் கிடைத்தால் வேப்பஞ்சேலை கட்டிச் சுற்றுகிறேன், கிடைக்காவிட்டால் இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அம்மனிடம் அப்படிப் பேசலாமா என்று அண்ணன் பயந்தார். என் வீட்டுக்காரரை முதலாளி பேசினதைவிட நான் ஒன்றும் அதிகமாகப் பேசவில்லை.

வெளியே வந்து வண்டியைத் தேடிக் கூடாரங்களுக்கு நடுவே நடந்தோம். ஒரு கூடாரம் மற்றவைக்கு நடுவில் மாளிகை மாதிரி இருந்தது. கெட்டியான வெள்ளைத் துணி, பாதி கூரையாக வளைந்து, மீதி கீழே நாலு மடிப்பாக விரிந்து கிடந்தது. யாரோ வசதியானவர்கள் என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்தேன். கூரையின் நடுவில், வெயில் பட்டு, பச்சையும் சிவப்புமாக என் வீட்டுக்காரரின் கைலி.

தையலைத் தொட்டுப் பார்த்தேன். அவசரத்தில் கோணலாகப் போட்ட என் தையல்தான். பக்கத்து அடுப்பில் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், "இது யாரு கூடாரம்மா?" என்று கேட்டேன்.

"ஒரு நெட்டை ஆளும்மா. தனியாத்தான் வந்துகீறாரு. ஏதோ பெரிய ஆபத்துல மாட்டிக்க இருந்தாராம், ஆத்தா காப்பாத்திச்சாம். வேப்பஞ்சேல கட்டிக்கினு சுத்தப் போயிகீறாரு" என்றாள்.

கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சுற்றுகிற கூட்டத்தில் தலையெல்லாம் தாண்டி ஒரு தலை தெரிந்தது. கழுத்திலிருந்து முழங்கால்வரை வேப்பிலை, கையில் ஒரு கொத்து வேப்பிலை, கண்ணை மூடிக்கொண்டு பக்தியாக நடந்து போனான் எங்கள் காவல்காரன். தேடுகிறவளின் வேண்டுதலும் திருடியவனின் வேண்டுதலும் ஒரே அம்மனிடம் வந்து சேர்ந்திருந்தன. வரிசைப்படி பார்த்தால் அவன் மனு எனக்கு முந்தியது. அம்மன் வரிசை பார்க்கவில்லை.

"போலீச கூப்புடலாமாண்ணா?" என்றேன்.

"போலீசா? அவன் வந்து, விசாரிச்சி, சாட்சிக்கி வோணும்னு பாயக் கொண்டும்போயி ஸ்டேசன்ல போட்டுக்குவான். ஆடி போயி தை வந்துரும். நீ அந்தப் பக்கத்துக் கயித்த அவுறு தங்கச்சி" என்றார் அண்ணன்.

அவிழ்த்தோம். ஊராரின் சாமானுக்குக் காவல் இருந்தவன் தன் கூடாரத்துக்கு ஒரு ஆளை வைத்துவிட்டுப் போகவில்லை. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள், "இன்னாப்பா, அதுக்குள்ள கெளம்பிட்டீங்களா?" என்று கேட்டார்கள். "ஆமா நைனா, அவரு வேண்டுதலும் முடிஞ்சிது, எங்க வேண்டுதலும் முடிஞ்சிது. மாடு பசி தாங்காது" என்று அண்ணன் கூசாமல் சொன்னார். பாவம், கோயிலுக்கு வந்த இடத்தில் ஒத்தாசை செய்தால் புண்ணியம் என்று ரெண்டு பேர் ஓடிவந்து, விரிப்பும் கூரையுமாக அப்படியே சுருட்டி, வண்டியில் ஏற்றியும் கொடுத்தார்கள். நான் ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்தேன்.

வண்டி நகரும்போதுதான் அவன் அடுத்த சுற்று வந்தான். கண்ணைத் திறந்தான். கூடாரம் இருந்த இடத்தில் நாலு மூங்கில் நின்றது. பார்வை அப்படியே நகர்ந்து வண்டிக்கு வந்தது, வண்டியிலிருந்து எனக்கு வந்தது. நான் கும்பிடு போட்டேன்.

"போச்சே! ஐயையோ, எல்லாம் போச்சே!" என்று ஒரு குதி குதித்தான். ஓடினால் நார் அறுந்து இலை உதிரும், நின்றால் வண்டி போய்விடும். ரெண்டுக்கும் நடுவில் கையையும் காலையும் உதறிக்கொண்டு துள்ளினான். பக்கத்தில் வந்த பொம்பிளைகள் பார்த்தார்கள். "சாமி வந்துட்ச்சி! ஆத்தா எறங்கிட்டா!" என்று ஒருத்தி குரல் கொடுத்தாள். அவ்வளவுதான், சுற்றி வளைத்துவிட்டார்கள். ஒருத்தி அவன் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்ற, ஒருத்தி கற்பூரத்தை ஏற்றி முகத்துக்கு நேராகக் காட்ட, ரெண்டு பேர் ஆளுக்கொரு தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"போச்சின்னு சொல்றியே தாயே, எது போச்சி? எம் மாடா? மாடு காணாமப் போயி ஒரு மாசம் ஆவுதே, எந்தத் தெசையில கீது, சொல்லும்மா!" என்று ஒரு பெரியவர் அவன் எதிரில் விழுந்து கும்பிட்டார்.

அவன் கையை நீட்டி எங்கள் வண்டியைக் காட்டினான். "வடக்க! ஆத்தா வடக்கக் காட்டுது!" என்று கூட்டம் குலவையிட்டது. அந்த மாடு பிறகு கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. எங்கள் மாடுகள் அண்ணன் எத்தனை அதட்டியும் அவசரப்படாமல் நடந்தன. ஊர் எல்லை தாண்டுகிற வரைக்கும் பின்னால் குலவைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அண்ணன் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தலைக்கயிற்றை நான் வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

மறுநாள் மத்தியானம் பழவேற்காட்டுத் துறையில் பாயை இறக்கினோம். முதலாளி வந்தார், என் வீட்டுக்காரர் வந்தார், ஊரும் வந்தது. நான் நடந்ததை ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன். முதலாளி தலையை ஆட்டினார். அந்த நேரம் பார்த்து உப்பு வியாபாரி ஒருவர் கூட்டத்தின் பின்னாலிருந்து, "ஒளிச்சி வெச்சவனுக்குத் திருப்பிக் கொண்டாரவா தெரியாது? பயந்துக்கினு குடுத்துட்டு, ஊருக்குப் போன மனுசன் மேல பழியப் போடறாங்கோ" என்றார். கடைசிப் பேச்சு! முதலாளியின் முகம் மாறிவிட்டது. பாய் கிடைத்தால் போதும் என்றுதான் அம்மனிடம் கேட்டிருந்தேன். கிடைத்த பாயே என் வீட்டுக்காரரைத் திருடனாக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என் வீட்டுக்காரர் ஊர் முன்னால் முதன்முதலாக வாயைத் திறந்தார். "பிரிங்க. எங்கனா கிழிசல் கீதா பாக்கணும்" என்றார்.

மணலில் பாயை உருட்டிப் பிரித்தார்கள். ஒவ்வொரு மடிப்பாக விரிந்தது. கடைசி மடிப்பில், தலைக்கு வைத்துப் படுக்கிற மாதிரி சுருட்டிய காக்கித் துணி ஒன்று உருண்டு வந்து முதலாளியின் காலடியில் விழுந்தது. காக்கிச் சட்டை, காக்கி அரைக்கால் சட்டை. அதற்குள்ளிருந்து சிவப்பு நூலோடு வெளியே வந்து மணலில் மின்னியது பித்தளை விசில்.

முதலாளி குனிந்து விசிலை எடுத்தார். நூலில் தான் போட்ட முடிச்சைப் பார்த்தார். பிறகு கொட்டகைக்குப் போய்ப் பின்பக்கத்து ஓலையைக் கையால் தள்ளினார். மற்ற இடமெல்லாம் பழைய கயிறு, அங்கே மட்டும் புதுக் கயிற்றில் கட்டியிருந்த ஓலை. அவிழ்த்தால் ஒரு மாடே நுழையலாம். முன்பக்கம் திண்டுக்கல் பூட்டு ராஜா மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் திரும்பி வந்து, "செரி தண்டலு, பாயக் கட்டு. நாளைக்கி உப்பு ஏத்திரலாம்" என்றார்.

என் வீட்டுக்காரர் நகரவில்லை. தட்டைப் பார்த்துப் பேசிய மனுஷர் அன்றைக்கு முதலாளியின் முகத்தைப் பார்த்துப் பேசினார். "திருடன்னு எங்க சொன்னீங்க மொதலாளி? டீக்கடையில சொன்னீங்க. அங்கியே வந்து இல்லன்னு சொல்லுங்க. அப்பறந்தான் பாயத் தொடுவேன்."

முதலாளி டீக்கடையை நோக்கி நடந்தார். கூட்டத்தில் பாதிப் பேர் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கலைந்திருந்தார்கள். கடையில் ரெண்டு பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர் சுற்றிலும் பார்த்தார். அன்றைக்குக் கத்தும்போது எத்தனை பேர் இருந்தார்கள் என்று அவருக்கு நினைவு இருந்திருக்க வேண்டும். கையிலிருந்த விசிலை வாயில் வைத்து ஊதினார். முதலில் வெறும் காற்று வந்தது. பிறகு கன்னம் உப்ப ஊதினார். தூளியில் கிடந்த குழந்தைகள் வீறிட்டன. திருடன் என்று நினைத்துத் துடுப்பும் கழியுமாக ஊர் ஓடிவந்தது.

"எந் தண்டலு திருடன் இல்ல" என்றார் முதலாளி. "திருடனக் கொண்டாந்து காவலுக்கு வெச்சவன் நாந்தான். அன்னிக்கி இங்க நின்னு சொன்னது தப்பு. கேட்டுக்குங்க எல்லாரும்."

என் வீட்டுக்காரர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கடைக்காரர் கேட்காமலே டீ போட்டு வைத்தார். அவர் அதை எடுத்துக் குடித்தார். பாதி வேட்டியில் சிந்தியது. அத்தனை நாளும் கோபத்திலேயே காய்ந்து கிடந்த என் கண் அப்போதுதான் நனைந்தது. சந்தோஷம்தான், வேறென்ன.

காவல்காரன் திரும்பி வரவில்லை. பெரியபாளையத்திலிருந்து வேப்பஞ்சேலையோடு ஒரு சாமியார் நடந்துபோனதாகவும், வழியிலிருந்த ஊரிலெல்லாம் அவர் காலுக்குத் தண்ணீர் ஊற்றியதாகவும், கடைசியில் கும்மிடிப்பூண்டி ரயிலடியில் யாரோ ஒரு அம்மா கொடுத்த பழஞ்சேலையைச் சுற்றிக்கொண்டு வடக்கே போகிற ரயிலில் ஏறியதாகவும் வண்டிக்காரர்கள் சொன்னார்கள்.

நான் சொன்ன சொல் பாக்கி இருந்தது. உப்பு ஏற்றி முடிப்பதற்குள் வந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பெரியபாளையம் போனோம். இந்தத் தடவை என் வீட்டுக்காரரும் வந்தார். ஆற்றில் முழுகி, வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு, என் புடவை மூட்டையை அவரிடம் கொடுத்தேன். "நீ போய்ட்டு வா. எவன் வந்தாலும் நவுர மாட்டேன்" என்று மூட்டையின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு சுற்றிலும் கூட்டத்தைத் தாண்டி எட்டிப் பார்த்தேன். இருந்தார். கடைசிச் சுற்றில் என்னைக் கண்டதும் இடுப்பிலிருந்து, முதலாளி அவரிடமே கொடுத்துவிட்ட பித்தளை விசிலை எடுத்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாக ஊதினார்.